இடக்கன்னத்து மச்சம்

ஆர்சேன்: சத்தமா எண்ணு பெலிசி. டாக்டர் எட்டு சொட்டுதான் சொன்னார்.

பெலிசி: பாரிஸ்ல முப்பது வருஷமா நோயாளிங்களோட மாரடிக்கிறவ நான். அபினி மருந்தை எனக்கே சொல்லித் தர்றீங்களா ஐயா?

ஆர்சேன்: எண்ணுன்னா எண்ணேன்!

பெலிசி: ஆறு... ஏழு... எட்டு. போதுமா? பச்சப்புள்ள தோத்துது போங்க.

ஆர்சேன்: ஏன் அந்தச் சுவரையே பாக்குறே?

பெலிசி: படம் தொங்குதே. நாற்காலியில குறட்டை விடுற நர்ஸு, மடியில ஒயின் பாட்டில், பின்னாடி ஈனசுரத்துல முனகுற கிழவன்... ஊரே சிரிச்ச படமாச்சே! யாரு வரைஞ்சது?

ஆர்சேன்: யாரோ பத்திரிகைக்காரன். கடையில வாங்கினேன்.

பெலிசி: கையெழுத்துக்குப் பதிலா ஒரு குளவி போட்டிருக்கான். உங்க மேசையில அரைகுறையா வரைஞ்ச ஒரு அச்சுக் கல்லு கிடக்கே... அதுலயும் அதே குளவி.

ஆர்சேன்: ...சரி, நான்தான். வயித்துப்பாட்டுக்கு வரையறேன். அது யாரோ ஒருத்தி.

பெலிசி: கன்னத்துல மச்சம் இருக்கே.

ஆர்சேன்: அவளுக்கு இடது கன்னம். உனக்கு வலது. நல்லாப் பாரு!

பெலிசி: என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் கல்லச்சுப் பட்டறையில படம் அச்சடிச்சவரு. கல்லுல வலதுன்னா காகிதத்துல இடதா விழும்னு எனக்குத் தெரியாதா? சரி, வாயைத் திறங்க.

ஆர்சேன்: வேண்டாம்! கரண்டியை வை! கீழ யாராவது...

பெலிசி: கத்தாதீங்க. வேற எந்த நர்ஸும் வரமாட்டா. "அந்தக் குளவியா? கிடந்து சாகட்டும்"னுட்டாளுங்க.

ஆர்சேன்: அப்ப தெரிஞ்சேதான் வந்திருக்கே... எதுக்கு? பழி வாங்கவா?

பெலிசி: அந்தப் படம் வந்தப்புறம் பத்து மாசம் ஒரு வீட்டுலயும் என்னைப் படியேற விடல. கதவைத் திறந்ததும் சிரிப்பாங்க. வயிறு எரிஞ்சுது ஐயா, இப்பவும் எரியுது. ஆனா கரண்டியில எட்டு சொட்டுதான். நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டவா?

ஆர்சேன்: ...வேண்டாம். குடு. ...த்தூ, கசப்பு.

பெலிசி: மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்.

ஆர்சேன்: படத்துல அந்த ஒயின் பாட்டில் நானா சேர்த்ததுதான். மன்னிச்சுக்கோ. ஆனா... அந்தக் கிழவர் என் மாமா. அவரு இழுத்துக்கிட்டுக் கிடக்க, நீ தூங்கினது நிஜந்தானே? கண்ணால பாத்தேனே!

பெலிசி: தூங்கினேன். இல்லேங்கல. மூணு நாளா என் கையை விடாம "ஆர்சேன் வந்தானா, ஆர்சேன் வந்தானா"ன்னு கேட்டாரு. ஏழு தடவை உங்களுக்கு ஆள் அனுப்பினேன். கடைசியில நீங்க வந்தீங்க. அவரு கையை எடுத்து உங்க கையில வச்சுட்டு, சொந்த ரத்தம் பக்கத்துல இருக்குங்கிற தைரியத்துலதான் கண்ணை மூடினேன். நீங்க அந்தக் கையை உதறிட்டு பென்சிலை எடுத்திருக்கீங்க.