அரிசி வாளிக்குள் வைத்த படிகம்

கல்முனையில் இரத்தப் பரிசோதனை வரிசையில் என் மகனோடு நின்றேன். எங்களுக்கு முன்னால் ஒரு தாய், இடுப்பில் சின்ன மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்த மகள் பக்கத்தில் நின்றாள்.

“ஈரம் படக்கூடாதெண்டு நீதானே சொன்னாய். அதான் அரிசி வாளிக்குள்ள வெச்சன். நனைஞ்ச போனையும் அப்பிடித்தானே வைக்கிற,” என்றார் தாய்.

“அது பெரோவ்ஸ்கைட் படிகம், உம்மா. மெல்லிய அடுக்கடுக்கா இரிக்கும். நீல வெளிச்சம் பட்டா உறிஞ்சி, பச்சையாத் திருப்பித் தரும். உங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தன்.”

“வடிவெண்டு காட்டினாய். நஞ்செண்டு சொல்லல்லயே.”

“அதுல ஈயம் இரிக்கி. பொடிஞ்சி அரிசியோட கலந்திட்டு.”

“நான் கழுவித்தானே ஆக்கின?”

“தண்ணி பட்டா இன்னும் கரையும், உம்மா.”

தாய் சின்னவளின் வாயை முந்தானையால் துடைத்தார். அதில் ஒன்றும் இல்லை.

“இவளுக்குக் குழைச்சு ஊட்டினதும் நான்தான்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பக்கத்து ஊட்டுக்கும் ஒரு சுண்டு அரிசி குடுத்தன். அங்கயும் சின்னப்புள்ள இரிக்கி.”

“எப்ப?”

“இப்பக் கதைக்காத புள்ள. இவள்ர ரிசல்ட் வரட்டும்.”

மூத்தவள் அதற்குள் பக்கத்து வீட்டுக்கு அழைத்து, போனைக் காதில் வைத்திருந்தாள். “ராத்தா, அடுப்ப நிப்பாட்டுங்க,” என்றாள்.