நூத்திப்பதினெட்டாவது கட்டம்

ஒரே ஒரு ஊராம், அந்த ஊர்ல ஒரே ஒரு அணுவாம், பேரு வைக்கக்கூட நேரமில்லாம அது செத்துப் போச்சாம்... இல்லங்க சார், வெளையாட்டு இல்ல. காலைல நீங்க மூணு ஜட்ஜும் வந்தப்பவும் இப்படித்தான ஆரம்பிச்சேன்? எனக்குச் சட்டுனு பேச்சு வராது சார். எங்க நன்னா, அதான் அம்மாவப் பெத்த அத்தா, கதை சொல்றாப்புல ஆரம்பிச்சாத்தான் வாயே தெறக்கும். சின்னமனூர்ல எங்க பன்னெண்டாங் கிளாஸ்ல போய், ஆசாத்துன்னு ஒருத்தன் இருக்கானான்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒருக்கா லைட்ட எரிய வச்சுக் காட்டணும், அம்புட்டுத்தான? காட்டிருவோம் சார். என் கூட்டாளி பிரின்ஸ் சர்பத் வாங்க வெளிய போயிருக்கான், வந்துருவான். அவன் இல்லாம எரியாது. அது... அப்படித்தான் சார். வயரிங் பூராம் அவன் வேல.

எனக்குத் தெரியும் சார். இதப் பாத்துட்டுப் போய் நீங்க மைக்ல சொன்னா, மாவட்ட அறிவியல் கண்காட்சில மொத எடம் நாங்க, சென்னைக்குப் போறது நாங்க. எங்க அம்மா அங்கன மேடைக்கு முன்னாடி ரெண்டாவது வரிசைல உக்காந்துருக்காக. நீலச் சேல. இன்னொருக்கா பாத்துட்டுத்தான் சொல்லணும்னு வந்தீங்க பாருங்க, அது நல்லது சார். அந்த அமெரிக்கா லேப்புக்காரவுக பதினஞ்சு பேருல ஒருத்தராச்சும் இப்படித் திரும்பி வந்து பாத்துருந்தா...

ஆமா, காலைல நீங்க பாதிதான் கேட்டீங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்துட்டாகன்னு போயிட்டீங்க. அவன் வர்றதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிர்றேன்.

இந்தா இந்தச் சார்ட்டப் பாருங்க. ஒரு கட்டத்துக்கு ஒரு தனிமம். மொதக் கட்டம் ஹைட்ரஜன், அணு நடுவுல ஒரே ஒரு புரோட்டான். ரெண்டு இருந்தா ஹீலியம். இப்படியே தொண்ணூத்திரெண்டு, யுரேனியம். மண்ணத் தோண்டிக் கெடைக்கிறது கிட்டத்தட்ட அதோட சரி. அதுக்கு மேல வேணும்னா மனுசன்தான் செஞ்சுக்கிடணும். என்னத்தப் பெருசா, கூட்டல் கணக்குத்தான் சார். ஈயத்துக்கு எம்பத்திரெண்டு. கிரிப்டான்னு ஒரு வாயு, அதுக்கு முப்பத்தாறு. கூட்டுங்க. நூத்திப்பதினெட்டு வருதா?

ஆனா கூட்ட விடாது. ரெண்டுலயும் இருக்கிறது ப்ளஸ், ஒண்ண ஒண்ணு தள்ளும். அதுனால கிரிப்டானப் பேய் வேகத்துல ஓட்டி ஈயத்து மேல மோத விடுறாக. செகண்டுக்குக் கோடி கோடியாப் போகும். பூராம் தாண்டிப் போயிரும், இல்லாட்டிச் செதறிப் போயிரும். என்னைக்காச்சும் ஒண்ணு ஒட்டலாம். ஒட்டுனாலும் நிக்காது. நீங்க ஒரு தடவ கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள அது ஆயிரம் தடவ பொறந்து சாகலாம்.

இல்ல சார், மைக்ராஸ்கோப்லயும் தெரியாது. அதுதான் இதுல சங்கதியே. யாரும் அதக் கண்ணால பாக்க முடியாது. அது சாகும்போது ஆல்ஃபா துகள ஒவ்வொண்ணாத் துப்பிக்கிட்டே நூத்திப்பதினாறு, நூத்திப்பதினாலுன்னு கீழ எறங்கும். அந்தத் துகள் டிடெக்டர்ல படும், கம்ப்யூட்டர்ல வெறும் எண்ணா விழும். அந்த எண்ணப் படிச்சுட்டுத்தான், ஆகா, இங்கன ஒருத்தன் இருந்து செத்துருக்கான்னு சொல்றது.

தொண்ணூத்தொம்பதுல அமெரிக்காவுல ஒரு லேப்ல சொன்னாக. பதினோரு நாள் ஓட்டுனோம், மூணு அணு வந்துச்சுன்னு. அந்தக் கட்டுரைல பதினஞ்சு பேரு தங்க பேரப் போட்டுக்கிட்டாக. ஜெர்மனில செஞ்சு பாத்தாக, வரல. பிரான்சு, ஜப்பான்லயும் வரல. அவுகளே திரும்ப ஓட்டுனாக, வரல. சரின்னு பழைய பதிவத் தோண்டி எடுத்துப் பாத்தா, அந்த மூணும் அதுல இல்லவே இல்ல சார். போன வருசம் வாபஸ். இந்த ரெண்டாயிரத்தி ரெண்டுல, கூட இருந்த ஒருத்தர் இட்டுக்கட்டுனதுன்னு லேப்பே சொல்லிருச்சு. அவரு இன்னமும் இல்லேங்கிறாராம். அது நமக்குத் தெரியாது.

எப்படி ஏமாந்தாகங்கிறீங்களா? அந்தப் பதிவப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சது அவரு ஒருத்தருக்குத்தானாம். மத்தவுகளும் பெரிய படிப்புத்தான். அவரு வந்துருச்சுன்னாரு, கூட இருந்தவுக கையக் குலுக்கிக்கிட்டாக. அதுக்கப்பறம் அந்தப் பதினாலு பேருக்கும் வீட்ல சோறு எறங்கியிருக்குமா சார்? அத ஒரு பேப்பர்லயும் எழுதல. நான் தேடிப் பாத்தேன்.

இந்தச் சேதி வந்த பேப்பரத் தேனி லைப்ரரில பாத்துட்டு வந்தது பிரின்ஸ்தான். மார்க்கெட் தெரு அய்யாத்துரை எலக்ட்ரிக்கல்ஸ் அவுக கடை. ஒண்ணாப்புல இருந்து ஒரே பெஞ்சு சார் நாங்க. கிளாஸ்ல நான் சொல்ல நெனைக்கிறத அவன்தான் எந்திரிச்சுச் சொல்லுவான். ஏலே, எல்லாவனும் தனிமம் இருக்குன்னு சார்ட்டு வைப்பான், நாம இல்லாத தனிமத்தக் கொண்டு போவோம்டா, ஒரு பொய் எப்படிப் பிடிபட்டுச்சுன்னு காட்டுவோம்டான்னான்.

பெட்டி நான் செஞ்சது. திராட்சப் பெட்டிப் பலக. உள்ள பாருங்க... இல்ல இல்ல, மூடிய அப்பறம் தெறக்கலாம் சார். உள்ள எரநூத்தம்பது ஆணி அடிச்சிருக்கேன். மேல இந்தக் குழாய்ல கோலிக்குண்டப் போட்டா ஆணில முட்டி முட்டி எங்கிட்டுப் போகும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அடில ஓரமா ஒரு ஸ்பிரிங், அதுக்கு மேல நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு. அதுல குண்டு சரியா விழுந்தா தட்டு அமுங்கி, கீழ இருக்கிற தகட்டத் தொட்டு, வெளிய லைட்டு ஒரு செகண்டு எரியும். குண்டு அதுலயும் நிக்காது, உருண்டு வெளிய வந்துரும். விழுந்த குண்டும் விழாத குண்டும் ஒரே ஓட்ட வழியாத்தான் வரும். லைட்டு மட்டுந்தான் சாட்சி. நெசத்துலயும் அப்படித்தான, அதுக்காக அப்படிச் செஞ்சோம்.

அவுக வீட்டு மாடில, ஸ்கூல் விட்டதும் தெனம் ஒரு மணி நேரம். நான் குண்டப் போட்டு நோட்டுல எழுதுவேன். அவன் அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு, மேசைக்கு அடியில கால நீட்டி உக்காந்துக்கிடுவான். இந்தா நோட்டு. பக்கம் பக்கமா வெறும் சைபரு. ஒரு மாசமா ஒண்ணுகூட விழல சார். ஒரு நாள் என்னால முடியல. நான் செஞ்ச பெட்டியே தப்பு, விட்டுருவோம், எல்லாரையும் போல நாமளும் எரிமலை செய்வோம்னு சொல்லிட்டு அழுதுட்டேன். நாளைக்கு ஒரு நாள் பாப்போம்டான்னான்.

மறுநாள் எரிஞ்சிருச்சு. ஆயிரத்தெட்டுநூத்தி நாப்பத்தாறாவது குண்டு. இங்கன பாருங்க, செவப்புல நட்சத்திரம் போட்டுருக்கேன். நான் போட்ட கூப்பாட்டுல கரண்டு பிடிச்சிருச்சுன்னு நெனச்சு, அவுக அம்மா கட்டக் கம்பத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடியாந்தாக. வந்து பாத்தா ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு ஆடிக்கிட்டுக் கெடக்கோம். எங்க அம்மா அன்னைக்குச் சேமியா பாயாசம் வச்சு நாலு வீட்டுக்குக் குடுத்து விட்டாக. என்ன விசேசம் ரம்லத்துன்னு கேட்டவுகளுக்கு, எம்மகன் லைட்டு எரிஞ்சிருச்சுன்னு சொல்லிருக்காக. அவுகளுக்கு அம்புட்டுத்தான் புரிஞ்சுச்சு.

மொத்தம் அய்யாயிரம் குண்டு, மூணு நட்சத்திரம். அங்கயும் மூணு, இங்கயும் மூணு. பாரேன் பிரின்ஸு, அதே கணக்குன்னு நான்தான் சந்தோசப்பட்டேன். அப்பகூட எனக்கு உறைக்கல சார். காலைல உங்க முன்னாடி ஏழாவது குண்டுலயே எரிஞ்சுச்சு. அப்பவும் உறைக்கல.

மத்தியானம் அவன் புரோட்டாத் திங்கப் போனான். நான் காவலுக்கு இருந்தேன். ஒரு குண்டு உருண்டு மேசைக்கு அடியில போயிருச்சு. துணியத் தூக்கிட்டுக் குனிஞ்சேன்.

ஒண்ணுமில்ல சார். தண்ணி வேணாம்.

அந்தா வர்றான் பாருங்க, ரெண்டு கைலயும் கிளாஸு. எனக்கு ஐஸ் சேராது, தொண்டை கட்டிக்கிரும். சொல்லாமலே ஐஸ் போடாம வாங்கியாந்துருப்பான். அப்படிப்பட்டவன் சார்.

குண்டு போட வேணாம் சார். இந்தா, இந்தச் சுவிட்ச அமுக்குங்க. ஆமா, வீட்டு வாசல்ல வைக்கிற காலிங் பெல் சுவிட்ச்தான். அமுக்குங்க. எரியுதா? இது கால் பெருவெரலுக்கு வாட்டமா மேசக் கால்ல இருந்துச்சு. அவன் சர்பத்துக்குப் போனதும் நான்தான் கழட்டி மேல வச்சேன். இந்தா மூடியும் தெறந்துட்டேன். தட்டுல இருந்து வர்ற ஒயரு இதான். முனையத் தொட்டுப் பாருங்க. மேல இருக்கிற ரப்பர் சீவாமலே இருக்கு. ஒரு நாள்கூட சீவல சார். ஒரு நாள்கூட எதோடயும் சேக்கல.

வா பிரின்ஸு. சாரு இன்னொருக்கா எரிய வைக்கச் சொல்றாக. கிளாஸ வச்சுட்டு வா. சுவிட்சு இங்கன மேல இருக்கு, கால்ல தேட வேணாம்.

என்ன? சத்தமாச் சொல்லு, சாருக்கும் கேக்கட்டும்.

ஆமா, அழுதேன். எரிமலை செய்யலாம்னேன். அதுக்காக? எம்மூஞ்சியப் பாக்க முடியலயா? அப்ப என்னைய விட்டுருக்கலாம்ல, எரிமலை செஞ்சிருப்பேன்ல? சரி, அன்னைக்கு ஒரு தடவ. ரெண்டாவது எதுக்கு? மூணாவது? எங்க அம்மா பாயாசத்த ரெண்டு தம்ளரு வாங்கிக் குடிச்சியேடா, அப்பயாச்சும் சொல்லிருக்கலாம்ல?

போ. இல்ல, போ.

போயிட்டான் சார். நீங்க வெரட்டல, நான்தான்.

மத்தியானம் அவன் திங்கப் போயிருந்த நேரம் பூராம், வேற ஒரு ஒயரப் பல்லால சீவி, தட்டுல சேத்து, குண்டு போட்டுப் பாத்தேன். வரல. இனி நெசமாவே எரிஞ்சாக்கூட என்னால நம்ப முடியாது சார்.

அவன் பேர மட்டும் அடிச்சா போதும்ங்கிறீங்களா? வேணாம் சார். இந்த ஃபாரத்துல, இது எங்கள் சொந்த உழைப்பு, எல்லாம் உண்மைன்னு இருக்குல்ல, அதுக்குக் கீழ மொதக் கையெழுத்து என்னது. மூடிக்கு நாலு ஆணி. பிடுங்க எனக்கு எம்புட்டு நேரமாகும்? ரெண்டு மாசமா நான் பிடுங்கல. ரெண்டு பேர் பேரையும் அடிச்சிருங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்.

கெளம்பிட்டீங்களா சார்? ஒரு வாய் சர்பத் குடிச்சிட்டுப் போங்க. ஐஸ் இல்ல.

சார், ஃபாரத்த விட்டுட்டுப் போறீங்க. பேனாவையும்...

நானா சார்? நானேதான் அடிக்கணுமா?

சார்...