முதல் கையெழுத்து

கை தட்டாதீங்க. நிறுத்துங்க... நிறுத்துங்கன்னு சொல்றேன்ல. "இந்த வீதிக்குக் காம்ப்ளக்ஸை வர விடமாட்டோம்"னு மைக்குல நான் சொன்னா தட்டுறீங்க. தட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயி சீரியல் பார்ப்பீங்க. இந்தக் கைதட்டலுக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு சின்னக் கதை இருக்குது, அஞ்சு நிமிசம் உக்காந்து கேளுங்க.

பவானிப் பக்கம் ஒரு தெரு. நாப்பது வீடு. அதுல பூங்கோதைன்னு ஒரு அம்மா, தையல் மிஷின் வெச்சுப் பொழைக்கிறவங்க. ஒரே பொண்ணு, கயல்விழி, பத்தொம்பது வயசு. அந்தப் புள்ளைக்குத் திடீர்னு பெருசா சத்தம் கேட்டா வலிப்பு வந்துரும். தீவாளி வந்தா அம்மாளும் மகளும் தோட்டத்துல இருக்கிற அண்ணன் ஊட்டுக்குப் போயிருவாங்க.

அவங்க வீட்டை ஒட்டி ஒரு காலி எடம். ஒரு நாள் அங்க போர்டு வெச்சாங்க... கல்யாண மண்டபம் வருதாம். மண்டபம்னா என்னென்ன வரும்? மேளம் வரும், வெடி வரும், ஜெனரேட்டர் வரும். அந்தப் புள்ள படுத்திருக்கிற ரூமுக்கும் மண்டபத்துக்கும் நடுவுல எட்டே அடி.

பூங்கோதை ஒரு மனு எழுதிக்கிட்டு வீடு வீடா ஏறுனாங்க. "அண்ணா, எம்பொண்ணு நெலம உங்களுக்குத் தெரியும். ஒரு கையெழுத்துப் போடுங்க." முதல் வீட்டுக்காரர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "போடாம இருப்பனா புள்ள? ஆனா இதுல யாருமே போடலியே. நாலு பேரு போட்டுட்டு வரட்டும், அஞ்சாவதா நான் போடறேன்."

ரெண்டாவது வீடு. "மொதல்ல எம்பேரு இருந்தா, நான்தான் தூண்டிவிட்டேன்னு ஆகிப்போயிரும் கண்ணு." மூணாவது வீட்டம்மா, "எங்க ஊட்டுக்காரரு வரட்டுமுங்க." ஊட்டுக்காரரு உள்ளதான் இருந்தாரு. செருப்பு வாசல்ல கெடந்துச்சு.

நாப்பது வீடு. எல்லாருக்கும் அஞ்சாவதா போட ஆசை, மொதல்ல போட ஒருத்தருக்கும் ஆசையில்ல. அப்ப எப்படிய்யா அஞ்சு வரும்?

மறு வாரம் மண்டபத்துக்காரன் பூமி பூஜை போட்டான். தெருவுக்கே எல போட்டு டிபன். பொங்கல், வடை, கேசரி. சாப்பிட்டு வெளிய வந்தா, மேஜை மேல மூடி போட்ட எவர்சில்வர் போசி, சோறாக்குற பாத்திரம், அடுக்கி வெச்சிருக்கான், வீட்டுக்கு ஒண்ணு. பக்கத்துல ஒரு தாளு. மேனேஜர் சிரிச்சுக்கிட்டே சொல்றான்... "வாங்குனதுக்கு ஒரு கையெழுத்துங்க. ஒரே ஊட்டுக்கு ரெண்டு போயிரக் கூடாதில்லிங்களா."

அந்தத் தாளோட தலையில நாலு வரி அச்சடிச்சிருந்துச்சு. எவனாச்சும் படிச்சானா? போசி தீந்துரும்ங்கிற அவசரம். முட்டி மோதிக்கிட்டு நிக்கிறாங்க. அன்னிக்கு மட்டும் அத்தன பேருக்கும் மொதல்ல போட ஆசை.

பூங்கோதை தனியாவே குடுத்த மனு மேல விசாரணைக்கு அதிகாரி வந்தாரு. பூங்கோதை டாக்டர் சீட்டோட போயி நின்னாங்க. அதிகாரி சொன்னாரு, "அம்மா, உங்க மனுவுல ஒரே கையெழுத்து, அதுவும் உங்களோடது. அவங்க குடுத்த தாள்ல முப்பத்தொம்பது. 'மண்டபம் கட்ட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு உங்க தெருவே எழுதிக் குடுத்திருக்குது. நான் என்னம்மா பண்ணட்டும்?"

அந்தம்மா அழுவல. தாளை வாங்கி ஒவ்வொரு பேரா படிச்சாங்க. திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாங்க, "இவங்களுக்கெல்லாம் எழுதத் தெரியும்னு எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியுது."

மண்டபம் வந்துச்சு. மொதக் கல்யாணம், சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, சரவெடி. உள்ள அந்தப் புள்ள துடிக்குது. ஆட்டோ வர வழியில்ல, தெரு முச்சூடும் காரு. அந்தம்மா புள்ளையத் தோள்ல சாத்தி, இழுத்துக்கிட்டே மெயின் ரோட்டு வரைக்கும் போனாங்க. தெருவே ஜன்னல்ல நின்னு பார்த்துச்சு... நானும் பார்த்தேன்.

ஆமாங்க. அது நான் குடியிருக்கிற தெரு, என்ற தெரு. போசி வாங்குன தாள்ல மொதப் பேரு என்ற பேரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு அஞ்சாவதா போடறேன்னு சொன்னவனும் நான்தான்.

புள்ள பொழச்சுக்கிச்சு. மூணு மாசத்துல அந்தம்மா கெடச்ச வெலைக்கு வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க. வாங்குனது யாரு? மண்டபத்துக்காரன்தான். இடிச்சுப்போட்டு அதுல காரு நிறுத்தறான். ஜெனரேட்டர் இப்ப என்ற செவுத்துக்கு அக்கட்டால ஓடுது. அந்தப் போசியில என்ற சம்சாரம் ஒரு நாளும் சமைச்சதில்ல.

இப்ப உங்ககிட்ட வர்றேன். அவன் எங்கள ஏமாத்துனான்னு நான் சொல்லவே மாட்டேன். நாங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கஷ்டத்துக்கு அஞ்சாவதா வர்றவன், ஓசிப் போசிக்கு மொதல்ல வருவான்னு கணக்குப் போட்டான். தப்பாப் போச்சா அந்தக் கணக்கு?

உங்க வீதியில நாலு மாடி காம்ப்ளக்ஸ். ஞாயித்துக்கெழமை பூமி பூஜைன்னு பத்திரிகை வந்திருச்சாம். சாப்பாடும் உண்டாம். சரி... உங்க சங்கத்துக்காரங்க எழுதுன மனு பத்து நாளா இந்த மேஜை மேல கெடக்குது. வரும்போதே பார்த்தேன். ஒரு பொட்டு மை படல அதுல. வெக்கமா இல்லிங்களா? எனக்கு இருக்குது. உங்களப் பார்த்தா என்னையே பார்க்கிற மாதிரி இருக்குது.

நானே மொதல்ல போட்டுருவேன். ஆனா நான் வெளியூர்க்காரன், என்ற கையெழுத்து இங்க செல்லாது. செல்லுபடியான எடத்துல, போட வேண்டிய நாள்ல, நான் போடல. உங்க கையெழுத்து இன்னிக்குச் செல்லும்.

பேனாவ இந்தத் தாள் மேல வெக்கிறேன். மைக்கையும் கீழ வெக்கிறேன். மொதக் கையெழுத்து விழற வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன்.