இன்னும் எவ்வளவு குடிக்கலாம்?

அழைத்தவுடன் அலுக்காமல் வந்து அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே, தாகத்தின் தவிப்பறிந்த பெரியோர்களே, பிள்ளையைத் தூக்கிய தோளில் மருந்துப் பையையும் சுமக்கும் தாய்மார்களே, டயாலிசிஸ் முடித்த கையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். என் குரலில் தெம்பில்லை. ஒலிபெருக்கியை நம்பித்தான் நிற்கிறேன்.

என் கணவர் வெல்டர். நாளெல்லாம் நெருப்பின் முன் நின்றவர். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துப் பழகியவர். அவருடைய சிறுநீரகம் செயலிழந்தபோது, "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்" என்று டாக்டர் அளவு குறித்துக் கொடுத்தார். காப்பியும் அதில் கணக்கு, சூப்பும் கணக்கு, ஐஸ்கட்டியும் கணக்கு. மிஞ்சினால்? மூச்சு முட்டும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தாகம் கணக்குக்குக் கட்டுப்படுமா, தாய்மார்களே? அவர் கேட்பார்; நான் மறுப்பேன். ஒருநாள் குளியலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினேன்.

"உள்ளே என்ன பண்றீங்க?"

"முகம் கழுவுறேன்."

"குடிக்கிறீங்க!"

கதவு திறந்தது. மோவாயில் நீர் சொட்ட நின்றவர், "நீ என்ன பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?" என்றார்.

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் தொழில். அன்றே உட்கார்ந்து, போனில் ஓடும் ஒரு சின்னக் கால்குலேட்டர் எழுதினேன். டம்ளர் படத்தைத் தொட்டால் ஒரு டம்ளர் கழியும்; மீதியைக் காட்டும். அவ்வளவுதான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அன்றுமுதல் மறுத்தது திரை. திட்டு வாங்கியதும் திரை. என்னிடம் அவர் பழையபடி சினிமாக் கதை பேச ஆரம்பித்தார்! பிறருக்கும் உதவட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தேன்.

போன வருடம் அவர் போய்விட்டார். அது கால்குலேட்டருக்குத் தெரியுமா? வேண்டுகோள்கள் வந்துகொண்டே இருந்தன. "தர்பூசணியைச் சேருங்க." "எழுத்தைப் பெருசாக்குங்க." "புது போன்ல திறக்க மாட்டேங்குது." ஒவ்வொன்றையும் திருத்திவிட்டுச் சோதிக்க, அவர் தொட்டுத் தொட்டுக் குடித்த அந்த டம்ளர் படத்தையே தொட வேண்டியிருந்தது. முடியவில்லை, பெரியோர்களே. இந்த மாதத்தோடு மூடுகிறேன் என்று அறிவித்தேன்.

மறுநாள் முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தார். "அக்கா, மூடிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் என்னைத் திட்டுறதில்ல. உங்க கால்குலேட்டரைத்தான் திட்டுறார்."

"என்னன்னு?"

"அதெல்லாம் வாயால சொல்ல முடியாதுக்கா!"

என் கணவர் போன பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்துவிட்டது. மூடவில்லை.

இது அரிய கண்டுபிடிப்பா? இல்லை. அறிவியல் அதிசயமா? இல்லை. வெறும் கூட்டல், வெறும் கழித்தல்! ஆனால் கழித்துக் கழித்து, ஒரு வீட்டின் கசப்பைக் கழிக்கிறதே! கணவனும் மனைவியும் கைதியும் காவலருமாகிவிடாமல் காக்கிறதே! அதைத் தனியாகக் கட்டிக் காக்க எனக்குத் தெம்பில்லை, தோழர்களே. பாராட்டு போதும், பங்காளி வேண்டும். யாராவது இருக்கிறீர்களா?

யாரம்மா அது, மூன்றாவது வரிசையில்? நர்ஸா? மென்பொருள் எழுத வராதா? பரவாயில்லை, வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்வீர்களா? கை தட்டாதீர்கள், அவர் சொல்வது காதில் விழவில்லை... பதில் சொல்கிறாராம்! தூணோரம் கை தூக்கும் ஐயா, நீங்கள்? கம்ப்யூட்டர் வேலையா? கூட்டம் முடிந்ததும் இருவரும் ஓடிவிடாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.