வடக்குத் திட்டுப் பழம்

— சிரிக்காதீங்க கின்ரு மச்சான். காலையில சர்ச்சுல நான் பேசினப்ப அத்தனை பேர் முன்னாடியும் நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க.

— பின்ன என்ன நெய்ஜோன்? கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு வாசம் வராது, நாக்குக்கு உறைக்காது, ஆனா வடக்குத் திட்டுப் பழம் விஷம்ங்கறே. தலைநகரு மஜூரோவுல நர்சம்மாவுக்குப் பேயோட்டவும் சொல்லித் தர்றாங்களா?

— எங்கம்மா கழுத்துல கட்டியை அறுத்த தழும்பு இருந்துச்சே, அது பேய் கீறினதா?

— அத்தைய ஏன் இழுக்கறே? அமெரிக்காக்காரன் அணுகுண்டு வெடிச்ச அன்னிக்கு வானத்துலேருந்து மாவு மாதிரி கொட்டின சாம்பலை நானும்தான் அள்ளித் தலையில பூசிக்கிட்டு ஆடினேன். இன்னிக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாரு.

— உங்ககூட ஆடின உங்க தம்பி ஜப்வே எங்கே மச்சான்?

— வேணாம் புள்ள. ரத்தமெல்லாம் வெளுத்துப்போய்ச் செத்தவன். அவனை விடு. எதுக்கு என்னை மட்டும் இந்தப் படகு நிழலுக்குக் கூட்டிட்டு வந்தே? அதைச் சொல்லு.

— வர்ற வழியில வடக்குத் திட்டுல இறங்கிப் பாத்தேன். தாழை மரத்துல ஒரு பழம்கூட இல்ல.

— நண்டு தின்னிருக்கும்.

— நண்டு கத்தி வச்சுக்கிட்டு அலையுதா? காம்பெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கு.

— மெதுவாப் பேசு தாயி. நான்தான். உங்க அக்கா காதுல விழுந்துச்சுன்னா, கொதிக்கிற சட்டியோட வருவா.

— அக்கா தின்னாளா? பசங்க?

— அவளா? வடக்கேயிருந்து வர்ற காத்தைக்கூட வீட்டுக்குள்ள விடமாட்டா. கப்பல் அரிசி, டின் மீனு, அவ்வளவுதான். நீதானே எல்லாரையும் அந்த நாற்காலியில உட்கார வச்சு, உடம்புல எவ்வளவு விஷம்னு அளந்தே? உன் மெஷின் என்ன சொல்லிச்சு?

— அதுதான் எனக்குப் புரியல. இந்த ஊர்ல ஒருத்தர் உடம்புலயும் பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல. உங்க உடம்புலயும் இல்ல. அப்ப அத்தனை பழமும் எங்கே போச்சு?

— நான் வாயில வைக்கல. உங்க அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

— வித்தீங்களா?

— சீ! நம்ம மண்ணுல விளைஞ்சதை விப்பாங்களா? அங்கேயே அடுப்பு மூட்டி வேகவச்சு, பாகாக் கிண்டி, வெயில்ல காயவச்சு, ஓலையில சுருட்டிக் கப்பல்ல ஏத்திவிட்டுடுவேன். ஆசையாத் திங்கறவங்க இருக்காங்க.

— பழம் வெந்தாலும் விஷம் வேகாதுன்னு காலையில தொண்டை கிழியக் கத்தினேனே! யாரு மச்சான் திங்கறாங்க? பேரைச் சொல்லுங்க, இப்பவே ரேடியோவுல கூப்பிடணும். பிள்ளை குட்டி இருக்கற வீடா இருந்தா...

— ஏன் இப்படிப் பதறுறே? மாசா மாசம் ஓலையைப் பிரிச்சு, உன் கையாலதானே ஊட்டறே.

— அது... அது அக்கா அனுப்பறது. இந்தக் கரைப் பழம்னு அக்கா சொன்னாளே!

— அவகிட்ட நான் அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கரைப் பழம் நார் நாரா, புளிச்சுப்போய்க் கிடக்கும் புள்ள. பல்லு முளைக்கிற உன் குழந்தைக்கு அதையா அனுப்புவேன்?