ஓட்டையை அடைத்த வைத்திலிங்கம்

உங்க முகத்தையெல்லாம் பார்த்தா, ப்ளஸ் டூ பரீட்சை எழுதப்போறது பிள்ளைங்க இல்ல, நீங்கதான்னு தோணுது. அதனால பரீட்சையைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. ஒரு சின்னப் படகுக் கதை சொல்றேன்... கேட்கிறீங்களா?

சிதம்பரத்துல வைத்திலிங்கம்னு ஒருத்தர். மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். நல்ல மனுஷர்... ஆனா பயந்த மனுஷர். கேஸ் சிலிண்டரை மூடிட்டுப் படுப்பார். படுத்தப்புறம் எழுந்து போய், மூடினதைத் தொட்டுப் பார்ப்பார். நம்ம வீட்லயும் அப்படி ஒருத்தர் உண்டுதானே?

அப்படிப்பட்டவருக்கு வந்த ஆசையைப் பாருங்க. மோட்டார் படகு! பரங்கிப்பேட்டையில ஒரு வீட்டுக் கொல்லையில பழைய ஃபைபர் படகு ஒண்ணு கவிழ்ந்து கிடந்தது. பின்னாடி மாட்டுற இன்ஜினோட வாங்கிட்டார்.

அவர் மனைவி புனிதவதி கேட்டாங்க: "ஏங்க, பாத்ரூம் குழாய் சொட்டுதுன்னு பொங்கல்லேர்ந்து சொல்றேன். அதுக்கு நேரமில்ல, படகுக்கு நேரமிருக்கா?"

"அது வேற, இது வேற புனிதா."

ஞாயிற்றுக்கிழமை வந்தா ரெண்டு பேரும் பரங்கிப்பேட்டை. அவர் சுரண்டுவார், அந்தம்மா பெயின்ட் அடிப்பாங்க. அவர் மனசுல ஒரே பயம்தான். ஒழுகிடுமோ... ஒழுகிடுமோ... முடி அளவு கீறல் தெரிஞ்சாலும் ஒட்டுப் போடுவார். உள்ள தண்ணி ஊத்திட்டு, கீழே படுத்துப் பார்ப்பார்.

கடைசியில இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற நாள். பெரிய டிரம்ல தண்ணி நிரப்பி, இன்ஜினோட அடிப்பகுதியை அதுல முக்கி, கயித்தை இழுத்தார். ஓடுது! சந்தோஷம் தாங்கல. அப்பத்தான் கண்ணுல பட்டது... இன்ஜின் பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை. அதிலேர்ந்து நூல் மாதிரி தண்ணி பீய்ச்சுது.

"புனிதா! ஒழுகுது!"

"படகா?"

"இன்ஜினே ஒழுகுது!"

"யாரையாவது கேளுங்களேன்."

"கேட்டா சிரிப்பாங்க."

கவனிச்சீங்களா? கேட்டா சிரிப்பாங்க! எம்-சீலை எடுத்தார், பிசைஞ்சார், ஓட்டையில வச்சு அமுக்கினார். தண்ணி நின்னுடுச்சு. மனுஷர் அன்னைக்குத்தான் நிம்மதியா மூச்சு விட்டார்.

அடுத்த வாரம் எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் முடிச்சு, வெள்ளாத்துல படகை இறக்கினாங்க. அந்தம்மா சேலைக்கு மேலே லைஃப் ஜாக்கெட். நீச்சல் தெரியாது. படகு ஜோரா போகுது. அவர் கரையைப் பார்க்கல, தண்ணியைப் பார்க்கல... படகோட தரையையே பார்த்துக்கிட்டு வர்றார். ஒரு சொட்டு ஈரம் இல்ல!

முகத்துவாரம் பக்கம் வந்தாச்சு. ஆறு கடல்ல சேர்ற இடம்.

"என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருதே?"

"கரையில யாராவது சமைப்பாங்க."

இன்ஜின் நின்னுடுச்சு.

கயித்தை இழுக்கிறார்... அசையல. ஆனா படகு நிக்கல. கடல் வத்துற நேரம். ஆத்துத் தண்ணி மொத்தமும் கடலைப் பார்த்து ஓடுது, படகும் கூடவே போகுது. எதிர்ல வெள்ளை வெள்ளையா அலை உடையுது. நீச்சல் தெரியாத பொண்டாட்டி எதிர்ல உட்கார்ந்திருக்கா... என்ன செய்வார்?

"நங்கூரம் எங்கங்க?"

"உன் காலுக்குக் கீழ..."

அந்தம்மாதான் தூக்கிப் போட்டாங்க. கயிறு போகுது... போகுது... போய்க்கிட்டே இருக்கு... விண்ணுனு இழுத்துச்சு. படகு நின்னுது. அலைச் சத்தம் காதுக்குப் பக்கத்துல.

இன்ஜினைத் தூக்கிப் பார்த்தார். சூடு தணிக்க அது தண்ணி குடிக்கிற வாயில ஒரு பாலிதீன் கவர் அப்பிக்கிட்டு இருக்கு. பிச்சு எடுத்தார். ஆறட்டும்னு உட்கார்ந்தாங்க.

"இப்ப உள்ள தண்ணி போகுதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

"உள்ள போற தண்ணி வெளிய வந்தா..."

வாய் பாதியில நின்னுடுச்சு. ரெண்டு பேரும் அந்த எம்-சீல் கட்டியைப் பார்த்தாங்க.

ஸ்க்ரூ டிரைவரால நெம்பினார். வளையல்ல மாட்டியிருந்த ஊக்கைக் கழட்டி, அந்தம்மா ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணினாங்க. கயித்தை இழுத்தார். இல்ல. மறுபடி... இல்ல. மறுபடி... இருமிச்சு, ஓடிச்சு! ஆனா ஓட்டையில ஒண்ணும் வரல. ரெண்டு பேரும் குனிஞ்சு ஓட்டையையே பார்க்கிறாங்க. ஒண்ணும் வரல... ஒண்ணும் வரல... சுர்ருனு அவர் மூஞ்சியில அடிச்சுது பாருங்க தண்ணி!

"ஒழுகுதுங்க!" அந்தம்மா அழுதுகிட்டே சிரிக்கிறாங்க. "நல்லா ஒழுகுதுங்க!"

எதுக்குச் சொல்றேன்? அந்த ஓட்டையை அடைச்சதால இன்ஜின் கெடல. கவர் வந்து மாட்டினது யார் தப்பும் இல்ல. ஆனா ஓட்டை திறந்திருந்தா, தண்ணி நின்ன அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். 'உள்ள எனக்குச் சிரமமா இருக்கு'ன்னு சொல்ல அதுக்கு இருந்த ஒரே வாய் அது. பயத்துல அதைத்தான் அவர் அடைச்சார்.

நாம என்ன செய்றோம்? "கெமிஸ்ட்ரி மண்டையில ஏறலம்மா"ன்னு பொண்ணு புலம்புறா. "அபசகுனமா பேசாதே!" அடைச்சாச்சு. "எனக்குப் பயமா இருக்குப்பா"ன்னு பையன் சொல்றான். "ஆம்பளைப் பிள்ளைக்கு என்னடா பயம்?" அடைச்சாச்சு. வீடு அமைதியாயிடுது. நமக்கும் நிம்மதி. பிள்ளை தேறிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளை கத்தினா, கத்தட்டும். அழுதா, பக்கத்துல உட்காருங்க. கத்துற பிள்ளையைப் பெத்தவங்க, இருந்து டீ குடிச்சிட்டு மெதுவா போகலாம். ஆனா, கொஞ்ச நாளா ஒண்ணுமே சொல்லாம, புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார் வீட்டுல இருக்கோ... அந்த அப்பா அம்மா என் பேச்சு முடியறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இப்பவே எழுந்து போங்க.