கோடு போட்ட சனிக்கிழமைகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், டாக்டர். நோட்டைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

போன வாரம் ஸ்வாதியின் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டீர்கள். எந்த வயதிலிருந்து தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், அதை முதலில் கேட்டது யார். இருபது வயதுப் பெண்ணுக்குப் பல் இவ்வளவு தேய்ந்திருக்கக் கூடாது என்றீர்கள். கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. காலையில் தாடை வலித்து வாயைத் திறக்க முடிவதில்லை. படூர் ஹாஸ்டலில் கூடப் படுக்கும் பெண் சத்தம் தாங்காமல் வேறு அறை கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஸ்வாதி என்னைக் கைகாட்டினாள். அந்த நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, அதை மறைப்பானேன்.

இது 1995ஆம் வருடத்து நோட்டு. அவளுக்கு அப்போது எட்டு வயது, அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வயிற்றில் பூச்சி என்றார்கள் அக்கம்பக்கத்தார். பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தும் சத்தம் நிற்கவில்லை. செங்கல்பட்டில் சுப்புராமன் என்கிற பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயதானவர், பதற்றம் இல்லாதவர். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிறையக் குழந்தைகள் கடிக்கும், பால்பல் விழுந்து புதுப்பல் வந்ததும் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றார். வளர்கிற வாய்க்கு இரவில் பல்மேல் மாட்டுகிற தகடு வேண்டாம், மனசில் ஏதாவது பயம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். அதற்குத்தான் இந்த நோட்டு. தேதி, சாப்பிட்டது, பகலில் நடந்தது, இரவில் சத்தம் உண்டா இல்லையா.

நோட்டு எழுதுவது என் தொழில். ஆய்வகத்தில் மீட்டர்களைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை எழுதிவைப்பவள் நான். அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதியது தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே மை பூசவும் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நோட்டில் சில சனிக்கிழமைகளுக்கு அப்படிக் கோடு இருக்கிறது. நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் ஸ்வாதி திருப்போரூருக்குப் போய்விடுவாள். அங்கே என் வீட்டுக்காரரின் தங்கை சங்கரி இருக்கிறாள். புருஷன் வேன் ஓட்டுகிறவர். மூன்று பிள்ளைகள், ஒரே பாய், கிறீச்சிடுகிற ஒரு மின்விசிறி. என் வீட்டில் ஸ்வாதிக்குத் தனி மேஜை, படிக்கிற நேரத்துக்குச் சுவரில் அட்டவணை, எல்லாம் இருந்தது. மார்க் குறைந்தால் சாப்பாட்டுக்குமுன் உட்காரவைத்து, தப்பான கணக்கை இருபது தடவை போடவைப்பேன். என்னைவிட அந்தக் குழந்தைமேல் அக்கறை யாருக்கு இருந்துவிடப் போகிறது?

நோட்டு தொடங்கிய நான்காவது வாரம், ஞாயிற்றுக்கிழமை அழைத்துவரப் போனபோது சங்கரி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, கொயந்த இங்க நல்லா தூங்குது அண்ணி. பல்லு கடிக்கிற சத்தமே இல்ல. எம்மேல காலைப் போட்டுகினு அசையாம கெடக்குது."

நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சூதுவாது தெரியாதவள். வாரம் முழுக்க என் பக்கத்தில் படுத்து நறநறவென்று கடிக்கிறவள், அவள் பக்கத்தில் படுத்தால் வாய்மூடித் தூங்குகிறாள். பஸ்ஸில் ஸ்வாதியின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. சங்கரி தடவும் எண்ணெய் வாசனை அடித்தது. வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊற்றி, இரண்டு தடவை சீயக்காய் தேய்த்தேன்.

சங்கரி சொன்னதை வைத்து நான்கு சனிக்கிழமைகளுக்கும் 'சத்தம் இல்லை' என்று எழுதியிருந்தேன். அந்த நான்கிலும் கோடு இழுத்து, 'கடித்தாள், பலமாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டைப் புரட்டுகிற டாக்டர் என்னைப் பற்றி என்ன நினைப்பார், சொல்லுங்கள்.

ஆனால் பொய் அளவு எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அதை மெய்யாக்கினேன். காபி குடித்த அன்று அதிகம் கடிப்பாள் என்பது அதே நோட்டில் நான் கண்டுபிடித்ததுதான். ஞாயிறுதோறும் திருப்போரூரிலிருந்து வந்ததும் அவளுடைய ஹார்லிக்ஸில் இரண்டு கரண்டி டிகாக்‌ஷன் கலந்து கொடுத்தேன். படுக்கப்போகும்போது, "நீ வர்றது அத்தைக்குத் தொந்தரவா இருக்காம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா" என்று சொல்லிவைத்தேன். அவள் அழவில்லை. போர்வையை மட்டும் இழுத்து மூடிக்கொண்டாள். அந்த ஞாயிறுகளுக்கு நோட்டில் கோடே கிடையாது. அத்தனையும் சுத்தமான அளவுகள்.

சுப்புராமன் டாக்டர் நோட்டைப் பார்த்தார். அங்கே போய்வந்தால் குழந்தை கலங்குகிறாள், கொஞ்ச நாள் அனுப்ப வேண்டாம் என்றார். அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டேன். கோடு போட்ட இடங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் சீட்டைப் படித்துவிட்டு மடித்துவைத்தார். அடுத்த வாரம் சங்கரியே பஸ் பிடித்து வந்துவிட்டாள். கையில் ஒரு பை பனங்கிழங்கு.

"இன்னா அண்ணி, நான் இன்னா பண்ணேன்? ஒரு அதட்டு கூட அதட்டினது இல்லியே."

சீட்டைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகம் செத்துப்போனது. "என்னால கொயந்த பல்லு கெடுதுன்னா நான் வரல அண்ணி. அது நல்லா இருந்தா போதும்" என்றாள். உள் அறையில்தான் ஸ்வாதி இருந்தாள். கூப்பிடு என்று சங்கரி கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஸ்வாதி பெரியவளானபோது அத்தை முறைக்குச் சங்கரிதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டுப் பாவாடையை அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டு வராமலே இருந்துவிட்டாள். தன் ராசி குழந்தைக்கு ஆகாதாம்.

சனிக்கிழமைகள் நின்ற பிறகும் ஸ்வாதி கடித்தாள். பால்பல் விழுந்து புதுப்பல் வந்தது, அதையும் கடித்தாள். நான் நோட்டை மூடிவிட்டேன், டாக்டரிடமும் போகவில்லை. ஒன்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? பத்து வருஷம் அந்தச் சத்தம் என் காதருகே இருந்தது. அவள் என் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஹாஸ்டலுக்குப் போனபின் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதைக் கேட்கிற பாக்கியம் வாய்த்த அந்தப் பெண் வேறு அறை கேட்கிறாள் என்றதும் கோபம்தான் வந்தது.

நீங்கள் சொன்ன தகட்டைச் செய்துவிடுங்கள். பல்லாவது மிஞ்சட்டும். சங்கரியைப் பிரித்தது நான்தான், சீட்டை எழுதவைத்ததும் நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். இதெல்லாம் பழைய கதை, இப்போது நான் அப்படி இல்லை.

கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருக்கும். போன சனிக்கிழமை ஸ்வாதி என்னிடம் சொல்லாமலே காலேஜிலிருந்து திருப்போரூருக்குப் போயிருக்கிறாள். காலையில் போன் பண்ணினாள். "அம்மா, அத்தை பக்கத்துலதான் படுத்தேன். சத்தமே வரலையாம். தாடை கொஞ்சம்கூட வலிக்கல" என்றாள். கேட்டதை அப்படியே எழுதினேன்.

அதன் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும். அங்கே போக வேண்டாம் என்கிற சீட்டை இந்தத் தடவை ஸ்வாதி பெயருக்கே எழுதிக் கொடுங்கள். படித்த பெண், டாக்டர் சொன்னால் கேட்பாள்.